இருபத்திரண்டாம் பத்தி

"நீதானேடி சொன்ன, இடத்தை விட்டு அசையாதேன்னு..."

"சொன்னேன்க்கா, இப்ப நானே சொல்றேன், அவர் குடுக்கற பின்பக்க அறையை..."

"மேசையைத் தட்டித் தட்டிச் சொன்ன! கோர்ட்டே சொல்லிடுச்சுன்னு சொன்ன!"

"என்னைக் கொஞ்சம் பேச விடுக்கா!"

"பேசு, பேசு. அதுக்குத்தானே படிக்கிற!"

அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்தேவிட்டாள். அவளுடைய கடைக்கு ஆபத்து. கட்டடக்காரருக்கு மகன் மருந்துக்கடை வைக்க முன்பக்கம் வேண்டுமாம். போன வாரம் நயமாகத்தான் கேட்டார்: பின்பக்க அறைக்குப் போய்விடு, மாட்டேன் என்றால் வழக்குதான், ஒரு வாரத்தில் சொல் என்று. அந்தத் தவணை இன்று சாயங்காலத்தோடு முடிகிறது. அக்கா வாயைத் திறக்குமுன் தங்கை முந்திக்கொண்டாள். பத்து வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் தொழில் செய்பவரை யாரும் கிளப்ப முடியாது, தீர்ப்பே இருக்கிறது என்றாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வீட்டு வக்கீல் சொல்லிட்டா" என்று தெரு முழுக்கப் பறைசாற்றி, கட்டடக்காரரிடமும் முகத்திலடித்தாற்போல் மறுத்துவிட்டாள்.

நாற்பது வயதில் சட்ட மேற்படிப்பில் சேர்ந்தவள் தங்கை. அதே தீர்ப்பைத்தான் இன்று காலை ஆய்வுமுறை வகுப்பில் பெருமையோடு எடுத்து வைத்தாள். அந்தப் பத்து வருடக் கணக்கு வரும் இருபத்திரண்டாம் பத்தியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தும் காட்டினாள்.

"நல்லா வாசிக்கிறீங்க மேடம். இதைச் சொன்னது யாரு?" என்றார் பேராசிரியர். அவளைவிடச் சின்னவர்.

"நீதிமன்றம், சார்."

"கொஞ்சம் மேல ஏறிப் பாருங்க."

ஏறிப் பார்த்தாள். பத்தொன்பதாம் பத்தியின் தொடக்கத்தில், 'வாடகைதாரரின் வழக்கறிஞர் வாதிட்டதாவது' என்றிருந்தது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அந்த வக்கீலின் பேச்சு. நீதிபதி எழுதி மட்டும் வைத்திருக்கிறார். இரண்டு பக்கம் தள்ளி, ஒரே வரியில் அவர் முடிவு: 'ஏற்பதற்கில்லை.' கணினியில் சொல்லைத் தட்டித் தேடியவள், அது கொண்டுபோய் நிறுத்திய பத்தியிலேயே நின்றுவிட்டாள். மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை.

"தோத்தவரை ஜெயிக்க வச்சுட்டாங்க சார்!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். காது மடல் கொதித்தது. அக்காவின் முகம் நினைவுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் செத்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? நேத்து வரைக்கும் இருந்த சட்டம் இன்னைக்கு எங்கடி போச்சு?" அக்கா விடுவதாக இல்லை.

நான்தான் தப்பாகப் படித்தேன். மூன்றே வார்த்தை. தொண்டை வரை வந்தது. அங்கே என்ன ஆயிற்றோ, வேறொன்று வெளியே வந்தது.

"சட்டத்தை மாத்திட்டாங்கக்கா."

அக்கா அப்படியே உட்கார்ந்தாள். கோபம் வடிந்துவிட்டது.

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? கத்திட்டேனே உன்னை. நீ என்னடி பண்ணுவ, பாவம். ராத்திரி பகலா படிக்கிற."

சுண்ணக்கட்டிப் பொடி ஒட்டிய கையால் தங்கையின் கன்னத்தைத் தடவினாள். அறைந்திருந்தால் தங்கை தாங்கியிருப்பாள்.

அதற்குள் அக்கா போனை எடுத்துவிட்டாள்.

"ஐயா, தையல்கடைதான் பேசறேன். அன்னைக்குக் கொஞ்சம் எடுத்தெறிஞ்சு பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. அந்தப் பின்பக்க அறை... இல்லைங்க, எங்க வக்கீல் சரியாத்தான் சொன்னா. சட்டத்தைத்தான் மாத்திட்டாங்களாம்."

கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, கொஞ்சம் பெருமையோடுகூட, தங்கையிடம் நீட்டினாள்.

"அவரோட வக்கீல் பக்கத்துலயே இருக்காராம்டி. எந்தச் சட்டம், எப்ப மாத்தினாங்கன்னு கேக்கறார். நீயே சொல்லு."