தானாக வரட்டும்

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. செல்வமேரி டீச்சர் என்னிடம் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். அறுபத்து நாலில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களை ரயிலில் திருச்சிக்கு அனுப்பியபோது, பாலக்கரைப் பக்கம் அவர்களைக் கவனித்துக்கொள்ள மாதாகோயில் பங்கின் உதவிச் சங்கம் ஒன்று இருந்ததாம். டீச்சர் அதில் ஓடியாடி வேலை செய்தவர். ஒரு பிள்ளையைக்கூடத் தப்பான கையில் கொடுத்ததில்லை என்றார். அப்படி ஒரு குழந்தையின் கதையையும் சொன்னார். கடைசியில் அதை அம்மாவிடம் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"குடுத்திருப்போம்" என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: காவிரி கரைபுரண்டு ஓடிய ஒரு மாலையில், திருச்சி ஜங்ஷனில்…

(வேண்டாம். பிள்ளையைத் தொலைத்தவளுக்குக் காவிரி எதற்கு?)

நேராகவே சொல்கிறேன். ஜங்ஷன் நெரிசலில் நசீராவின் மூன்று வயது மகள் கைநழுவிப் போனாள். நசீரா பர்மாவில் மோல்மீன் நகரத்தில் பிறந்த தமிழச்சி. கணவன் அங்கேயே இறந்துவிட்டான். பிளாட்பாரத்தில் அழுதுகொண்டிருந்த குழந்தையை, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த ஸ்ரீரங்கம் மாதர் சங்கத்துக் குமுதவல்லி தூக்கிக்கொண்டு போனார். இரண்டு சங்கமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. அது தனி வயிற்றெரிச்சல்.

அந்த வாரத்தில் இரு பக்கமும் அன்பாக ஒரு காரியம் செய்தார்கள். இங்கே, நசீரா தங்கியிருந்த பாலக்கரையில், செல்வமேரி டீச்சர் வந்த பெண்களின் பர்மா லுங்கிகளையெல்லாம் வெந்நீரில் போடச் சொல்லிவிட்டு, ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தந்த நீலக்கரை வெள்ளைச் சேலையை எல்லோருக்கும் கட்டிவிட்டார். கன்னத்தில் சந்தனம் மாதிரி அவர்கள் பூசிக்கொள்ளும் தனகாவையும் கழுவச் சொன்னார். நம் ஊரில் நாலு பேர் முறைப்பார்களாம். அங்கே ஸ்ரீரங்கத்தில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பாவாடை கட்டி, தலையில் கதம்பம் வைத்து, கண்ணுக்கு மை தீட்டினார்கள்.

(அடிக்குறிப்பாகப் போட்டிருக்க வேண்டியது: இவர்களில் யாரையாவது வில்லனாக்கிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.)

3

பாலக்கரைச் சங்கத்தின் செயலாளர் அற்புதசாமி, காலேஜில் கணக்கு வாத்தியார். இவரிடம் வரும்போதுதான் என் பேனா நிற்கிறது. வேறோர் ஊர் முகாமில் ஒரு பையனை யாரோ ஒருத்தி தன் பிள்ளை என்று வாங்கிப்போக, மறுநாள் பெற்றவள் வந்து நின்றாளாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லை. அதனால் ஒரு விதி செய்தார். அம்மா என்று சொல்கிறவள் மற்றப் பெண்களோடு வரிசையில் உட்கார வேண்டும். கூப்பிடக் கூடாது, கை நீட்டக் கூடாது. குழந்தை தானாக அவளிடம் போக வேண்டும்.

ஸ்கூல் ஹாலில் ஒரே மாதிரிச் சேலையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குமுதவல்லி குழந்தையை இறக்கிவிட்டார். குழந்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. நசீராவையும் பார்த்தது. பிறகு திரும்பி, பக்கத்தில் நின்ற டீச்சரின் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டது.

நசீரா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்போது அவள்

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே கிடக்கட்டும்.

டீச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். குமுதவல்லிக்குத் தாங்கவில்லை. "நாங்களும் அலங்காரம் பண்ணி வச்சுட்டோம், இவாளும் ஆளையே மாத்திட்டா. குழந்தை யாரைன்னு ஸார் தேடும்?"

"தப்பாப் போச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" என்றார் அற்புதசாமி. தூக்கமில்லாத கண்ணைக் கசக்கிக்கொண்டார். மனிதர் கொடியவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்.

4

முடிவுகள்.

குழந்தை ஓடிப்போய் நசீராவின் மடியில் விழுகிறது. எழுதினேன், அடித்துவிட்டேன். அப்படி முடித்தால் அந்தப் பாழாய்ப்போன விதி சரி என்றாகிவிடும்.

குமுதவல்லி விதியாவது ஒன்றாவது என்று குழந்தையை வாங்கி நசீராவிடம் கொடுக்கிறார். இதையும் எழுதினேன். ஆனால் நசீரா பொய் சொல்கிறவளாக இருந்தால்? (பாருங்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டது. நானே உண்டாக்கியவளை நானே சந்தேகப்படுகிறேன்.)

குழந்தைக்கு அம்மாவைத் தெரியாமல் இல்லை. என்னை விட்டுவிட்டுப் போனாயே என்று வீம்பு பண்ணுகிறது. இதுதான் நிஜமாக இருக்கும் என்று படுகிறது. ஆனால் அற்புதசாமியின் விதியில் வீம்புக்கு இடமில்லை.

வெளியே அரியமங்கலம் முகாமுக்குப் போகும் லாரி ஹார்ன் அடிக்கிறது. நசீரா அதில் ஏறியாக வேண்டும், குழந்தையோடோ இல்லாமலோ.

5

இனி என்னால் ஆகாது. டீச்சருக்கும் கை ஓய்ந்துவிட்டது. குழந்தையை உங்களிடம் நீட்டுகிறார், பிடியுங்கள். இடது இடுப்பில் வைத்துக்கொண்டீர்கள். திமிறித் திமிறி அழுகிறது. அற்புதசாமி உங்களையே பார்க்கிறார்.

நசீரா கை நீட்டவில்லை. மகளைக் கூப்பிடவும் இல்லை. உங்களிடம்தான் பேசுகிறாள்.

"அந்தப் பக்கம் மாத்தி வச்சுக்குங்க. அவளுக்கு அதுதான் பழக்கம். அழ மாட்டா."

மாற்றி வையுங்கள். ஆனால் அழுகை நின்றால் என்ன செய்வீர்கள், நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று முடிவு பண்ணிக்கொண்டு மாற்றுங்கள்.