கறுத்த டிஸ்கஸ்

அபி முதன்முதலில் டிஸ்கஸ் மீனைப் பார்த்தது வேலூரில், ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனவள், வலியை மறந்து தொட்டியின் முன்னால் நின்றுவிட்டாள். தோசைக்கல்லில் வார்த்த ஊத்தப்பம் போல வட்டமாக, தட்டையாக, செம்பு நிறத்தில் நீலக் கோடுகளோடு அவை அவசரமே இல்லாமல் திரும்பின. உள்ளே இரண்டு முறை அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். காதில் விழவில்லை.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அபிக்கு வேலை. கணவன் சத்யராஜ் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போய் வருகிறவன். தாமல் பக்கத்து ஊரிலிருந்து வந்து, தை மாதம்தான் பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார்கள். கூட மாமியார் சம்பூர்ணம். தெரு முழுக்கத் தறி வீடுகள். குடிவந்து இத்தனை நாளில் பக்கத்து வீட்டாரோடு வாசலில் தலையசைப்பதோடு சரி.

மீன் கடை அப்பாதுரை ஆரம்பத்திலேயே எச்சரித்தார். "கோல்ட் ஃபிஷ் வாங்கிக்கினு போங்க மேடம். டிஸ்கஸ் வெச்சவங்க பாதிப் பேரு அழுதுகினு திரும்பி வந்துட்டாங்க."

அபி கேட்கவில்லை. பெரிய தொட்டி, வடிகட்டி, தண்ணீரை இளஞ்சூட்டில் வைக்க ஹீட்டர் எல்லாம் வந்திறங்கின. ஹீட்டரைப் பார்த்துச் சம்பூர்ணம் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"இந்த ஊரு வெயில்ல மீனுக்கு வெந்நீ வெக்கிறவள இப்பத்தாம்மா பாக்கறேன்."

"வெந்நீ இல்ல அத்த. வெதுவெதுன்னு. அது பொறந்த ஆறு அப்படி."

தொட்டியைக் கூடத்துச் சுவரோரம் வைத்தார்கள். வெறும் தண்ணீரைச் சில வாரம் ஓடவிட்ட பிறகு, ஐந்து குட்டி டிஸ்கஸ்களைச் சென்னையிலிருந்து வரவழைத்தாள் அபி. பையிலிருந்து தொட்டியில் இறங்கியதும் ஐந்தும் கறுத்தன. உடம்பில் கரிக்கோடு இழுத்தாற்போலப் பட்டைகள் எழும்பின. மரக்கட்டைக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"புது எடம், அப்படித்தான் இருக்கும்," என்றார் அப்பாதுரை.

ஒரு வாரம் போயிற்று. கறுப்பு போகவில்லை.

"தெனமும் பாதித் தண்ணி மாத்துங்க," என்றார் அப்பாதுரை.

"தெனம் மாத்துனா அது எங்கம்மா நிம்மதியா நிக்கும்? தொட்டில கையே வெக்காதீங்க," என்றார் மீன் அனுப்பிய சென்னைக்காரர்.

யூடியூபில் ஒருவர் பின்னால் நீலத் தாள் ஒட்டச் சொன்னார். இன்னொருவர் நீலம் கூடவே கூடாது என்றார். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், கேன் தண்ணீர் ஊற்றுங்கள் என்றது ஒரு வாட்ஸப் குழு. கேன் தண்ணீரில் சத்து ஒன்றுமே இல்லை, மீன் செத்துவிடும் என்றது அதே குழு. பாதாம் இலைச் சருகைப் போட்டாள். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது, மீன்கள் வரவில்லை.

பரிசோதனை செய்வது அவளுக்குப் புதிதல்ல. தண்ணீரில் ரசாயனச் சொட்டு விட்டு நிறம் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஓர் ஆளுக்கு இப்படி ரிப்போர்ட் வந்திருந்தால், நன்றாக இருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பாள்.

அப்புறம் ஒரு நாள், அவளுக்கு வார விடுமுறை. காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றாள். ஐந்து மீன்களும் கண்ணாடிக்கு முன்னால் வந்திருந்தன. செம்பு நிறம் திரும்பியிருந்தது. நாள் முழுக்க அப்படியே இருந்தன. போட்ட புழுவை ஓடி ஓடித் தின்றன.

"சரியாயிடிச்சி அத்த!"

"ஆவும் ஆவும். இன்னிக்கி அமாவாசையாச்சே," என்றாள் சம்பூர்ணம், ஏதோ பஸ் நேரம் சொல்வது போல.

மறுநாள் மறுபடி கறுத்தன. அந்த மாதம் முழுக்க அப்படியே. அடுத்த அமாவாசைக்கு அபி வேலைக்குப் போயிருந்தாள். மத்தியானம் சத்யராஜ் போனில் படம் அனுப்பினான். அவனுக்கு அன்று ஷிஃப்ட் இல்லை. ஐந்தும் முன்னால் நின்றன, பளபளவென்று.

"எங்கம்மா சொன்னது கரெக்ட்டுதான் போல," என்று கீழே எழுதியிருந்தான்.

அபிக்கு எரிச்சல் வந்தது. அதைவிடக் குழப்பம் அதிகமாக வந்தது. சாப்பாட்டு வேளையில் மீனுக்கும் நிலவுக்கும் என்ன சம்பந்தம் என்று போனில் தேடினாள். தேடத் தேட ஏதேதோ வந்தது. கூட வேலை செய்யும் துர்கா எட்டிப் பார்த்தாள்.

"கடல்ல ஏறுது எறங்குது இல்ல? தொட்டில மட்டும் ஏறாதா?"

சிரித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு பிளாஸ்திரித் துண்டை எடுத்துத் தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஒட்டினாள். தண்ணீர் ஏறவில்லை. ஆவியாகித் தினம் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பௌர்ணமியன்று மீன்கள் கறுப்பு. அதற்கு மறுநாளும் கறுப்பு. தினமும் காலையில் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தொட்டியைப் பார்க்கும் பழக்கம் தனக்கு எப்போது வந்தது என்று அவளே வெட்கப்பட்டாள்.

ஒரு நாள் பரிசோதனை நிலையத்தில் இயந்திரம் பழுதாகிவிட, மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தால், மீன்கள் முன்னால். நல்ல நிறத்தில்.

"அத்த! இன்னிக்கி இன்னா திதி?"

சம்பூர்ணம் அரைத் தூக்கத்தில் சொன்னாள். "சஷ்டி."

அபி தொட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருந்த ஒரே கணக்கும் போயிற்று. சஷ்டிக்கு என்ன விசேஷம்? முருகனுக்கும் மீனுக்கும் என்ன? கைப்பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடத் தொடங்கியது. டக். டக்.

முதல் அடிக்கே ஐந்து மீன்களும் சிதறின. ஒன்று கண்ணாடியில் போய் மோதியது. அவள் கண்ணெதிரே பட்டைகள் எழும்பின, செம்பு மங்கியது, கட்டைக்குப் பின்னால் கூட்டமாகப் போய் நின்றன. தண்ணீரின் மேற்பரப்பு ஒவ்வோர் அடிக்கும் சின்னதாக நடுங்கியது. அபி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அதிர்ந்தது. சுவரில் வைத்தாள். அங்கும் அதிர்ந்தது.

அவள் எழுந்திருக்கும்முன் தொடங்கும் தறி, அவள் திரும்பி வந்து தொட்டி விளக்கை அணைக்கும்வரை ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கும்போது மாமியார் தூங்குவாள்; அவள் வேலையில் இருப்பாள், விடுமுறையென்றால் அவளும் தூங்குவாள். தெரு முழுக்கக் கேட்கும் சத்தம் என்பதால் அது யார் காதிலும் விழுவதே இல்லை.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தயக்கமாக இருந்தது. போன வாரம்கூட வாசலில் நின்றவர்கள் இவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தியது நினைவுக்கு வந்தது. ஆனாலும் போனாள்.

காவேரி குழித்தறியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கால்கள் இரண்டும் தரைக்குள். அவளுடைய முதுகை ஒட்டித்தான் அந்தப் பொதுச்சுவர். எதிர்த் தறியில் அவள் கணவன் சிவபாலன்.

"இன்னாம்மா? தறிச் சத்தம் தொல்லையா இருக்குதா?" காவேரியின் குரலில் முன்கூட்டியே ஒரு கோபம் இருந்தது. "ஊட்டு ஓனரு சொல்லித்தான உட்டாரு, இது தறித் தெருன்னு?"

"இல்லக்கா. எங்களுக்கு ஒண்ணுமில்ல." அபி சுவரைக் காட்டினாள். "மீனுக்கு."

தறி நின்றது.

"எதுக்கு?"

"மீனுக்குக்கா. ஊட்ல மீன் வெச்சிருக்கேன்."

காவேரி கணவனைப் பார்த்தாள். அவர் அபியைப் பார்த்தார். "மீனுக்குக் காது இருக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார். அபிக்கு அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"அமாவாசைக்கு நீங்க தறி ஓட்றது இல்லையாக்கா?"

"அமாவாச எங்களுக்கு லீவு. தறி ஏற மாட்டோம்." காவேரி குழியிலிருந்து எழுந்து, புடவையை உதறிக்கொண்டாள். "நட, பாக்கலாம்."

இருவரும் தொட்டி முன்னால் நின்றார்கள். மீன்கள் மெல்ல வெளியே வந்தன. காவேரி சுவரைப் பார்த்துக் கத்தினாள்: "ஏங்க, என் தறில ஒரு தபா அடிங்க!"

டக் என்றது. மீன்கள் மறைந்தன.

"அய்யோ, பாவமே," என்றாள் காவேரி. "நிறுத்த முடியாதும்மா. கல்யாணப் பொடவ, நாளு குறிச்சிட்டாங்க."

"நிறுத்த வேணாம்க்கா. நான்தான் தொட்டிய அங்க வெச்சிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை தொட்டியை மாற்றினார்கள். சிவபாலன் கூப்பிடாமலேயே வந்தார். அவரும் சத்யராஜும் குழாய் வைத்துத் தண்ணீரை இறக்கினார்கள். மீன்களை மூடி போட்ட டப்பில் விட்டு, தொட்டியை உள்ளறையின் எதிர்ச்சுவருக்குத் தூக்கிப் போனார்கள். அடியில் தெர்மாகோல், அதற்கும் கீழே பழைய ரப்பர் பாய். சம்பூர்ணத்தின் கட்டில் கூடத்துக்கு வந்தது.

"மீனுக்கு ரூமு, எனக்குக் கூடம்," என்று அவள் சிவபாலனிடம் முறையிட்டாள். அவர் தலையாட்டினார்.

மறுநாள் மீன்கள் கறுப்பாகவே இருந்தன. அதற்கு மறுநாளும். அபி அப்பாதுரைக்குப் போன் செய்தாள்.

"புது எடம் மேடம். அப்படித்தான் இருக்கும்."

அவளுக்கு அழுகையே வந்தது. தறிதான் காரணம் என்று தெருவுக்கே சொல்லியாயிற்று. அதுவும் இல்லையென்றால்?

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு மீன் கட்டையைத் தாண்டி வந்தது. பின்னால் இன்னொன்று. அபி மூச்சுவிடாமல் நின்றாள். புழுவைப் போட்டதும் நான்கு மீன்கள் மேலே வந்தன. மறுபடியும் அந்தச் செம்பு. கூடத்தில் டக் டக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஐந்தாவது வரவில்லை. இன்றுவரை அது முழுதாக வெளுக்கவில்லை. வயிற்றில் புழு என்கிறார் அப்பாதுரை. மற்றவை விரட்டுகின்றன என்கிறார் சென்னைக்காரர். வளர்பிறை வரட்டும் என்கிறாள் சம்பூர்ணம். தறி நின்றதும் சில நாள் வந்து எட்டிப் பார்க்கும் காவேரிதான், "அது கொணம் அப்படி, உடும்மா," என்றாள்.

அபி மற்ற நான்குக்கும் போட்டுவிட்டு, கட்டைக்குப் பின்னால் தனியாகக் கொஞ்சம் புழுவை விடுகிறாள். சற்று நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால், இருட்டு மூலையில் அது தின்றுகொண்டிருக்கிறது. ஏன் முன்னால் வருவதில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு யாரிடமும் இப்போது கேட்பதுமில்லை.