பன்னிரண்டு விநாடிச் சிரிப்பு

நாற்பது வருடமாக அந்தக் காதல் சிரிப்புப் படத்தைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் கதாநாயகியைத்தான் புகழ்ந்தார்கள். படத்தையே தனி ஆளாகத் தோளில் சுமந்தாளாம். சுமக்கட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அவளுக்குக் குரல் கொடுத்தது யார்? முதல் சண்டையிலிருந்து கடைசிச் சம்மதம் வரை ஒவ்வொரு சொல்லும், அந்தப் பேர்போன சிரிப்பும், நம் டப்பிங்காரம்மாவின் தொண்டையிலிருந்து வந்தவை. டைட்டிலில் பெயர்கூடப் போடவில்லை.

வெளியார் கிடக்கட்டும். கட்டினவர் இருக்கிறாரே, டிவியில் அந்தப் படம் ஓடும்போதெல்லாம் நாற்காலி நுனிக்கு வந்து, "கண்ணாலயே பேசுறா பாரு" என்பார். பக்கத்தில் வெங்காயம் உரிக்கிறவளுக்கு வயிறு பற்றி எரியும். கண்ணால் பேசுகிறாளாம், கண்ணால். அப்படியென்றால் இவள் மூன்று வாரம் தொண்டை கட்டும்வரை பேசியது எதற்கு?

அதனால்தான் படத்தைப் புதுப்பிக்கிறவர்கள் கூப்பிட்டதும் துள்ளிக்கொண்டு கிளம்பினாள். ஒரே ஒரு காட்சியில் ஒலி அழிந்துபோயிருந்தது. கதாநாயகி ஜன்னல் திரைச்சீலை மாட்ட ஸ்டூலில் ஏறி, சீலையோடு விழுந்து, விழுந்த இடத்திலேயே சிரிக்கிற காட்சி. பன்னிரண்டு விநாடி. மறுபடி சிரித்துக் கொடுத்தால் இந்தத் தடவை பெயர் போடுவதாகச் சொன்னார்கள். நான் இல்லாவிட்டால் அவள் வெறும் ஊமைப் பொம்மை என்று கணவரிடம் சவடால் விட்டுவிட்டுத்தான் போனாள்.

போன இடத்தில் சிரிப்பு வரவில்லை. உதட்டசைவுக்குச் சரியாகத் தொடங்கினாள், சரியாக முடித்தாள். ஆனாலும் ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். ஒன்பது தடவை ஆயிற்று. ஒன்பதும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு.

"அம்மா, மைக்கை மறந்துட்டு ஒரு தடவை சும்மா பாருங்க," என்றார் அவர்.

வேலை நேரத்தில் அந்த நடிகையின் உதட்டையும், டிவியில் ஓடும்போது வெங்காயத்தையும் மட்டுமே பார்த்துப் பழகியவள், முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். சத்தமே இல்லை. விழுவதற்கு முன்னால் ஸ்டூலை அதட்டுவதுபோல ஒரு முறைப்பு. விழுந்த பிறகு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சீலைக்குள்ளிருந்து ஒற்றைக் கண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், காலையிலிருந்து இருபது தடவை பார்த்த மனுஷர், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாவி, கண்ணால்தான் பேசியிருக்கிறாள். டப்பிங்காரம்மாவுக்கு நெஞ்சு எரிந்தது. எரிந்துகொண்டிருக்கும்போதே சிரிப்பும் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது.

மைக் அணைக்கப்படவில்லை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து உதட்டுக்குப் பிந்தியதே இல்லாதவள், படம் பார்க்க வந்தவளைப்போல அரை விநாடி பிந்திச் சிரித்திருந்தாள். ஒலியை அரை விநாடி முன்னால் தள்ளிச் சேர்த்துக்கொள்ளலாம், இதுதான் வேண்டும் என்றார் ஒலிப்பதிவாளர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பெயரை எங்கே போடுவீர்கள் என்று கேட்டாள்.

"அவங்க பேருக்குக் கீழம்மா."

திரையில் அந்த ஒற்றைக் கண் எட்டிப் பார்த்தபடி நின்றிருந்தது. அதையே கொஞ்ச நேரம் முறைத்தாள்.

"கீழயே போடுங்க," என்றாள். "ஆனா எழுத்து ஒரு இம்மிகூடச் சின்னதா இருக்கக் கூடாது."