ஜெபப் பெட்டியில் ஒரு சீட்டு

தூங்காத மனுஷனோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. சலவை ஆலையில் பாய்லர் ஓட்டும் என் வீட்டுக்காரர் மூன்று வாரமாகக் கண்ணை மூடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டை அளைந்துகொண்டே இருப்பார். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ சும்மா இரு" என்பார். சும்மா இருக்கிற ஆளா நான்?

"என்கிட்ட சொல்ல வேண்டாம், ஆண்டவர்கிட்டயாவது சொல்லித் தொலைங்க. பாரத்தை அவர் காலடியில இறக்கி வெச்சுட்டு நிம்மதியாத் தூங்குங்க" என்று கத்தி, ஞாயிற்றுக்கிழமை சபைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு வந்து படுத்தவர் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். நான் ஸ்தோத்திரம் சொன்னேன், பைத்தியக்காரி.

சபை வாசலில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. கவலையை எழுதிப் போடலாம், பேர் போட வேண்டியதில்லை. புதன்கிழமை காலையில் பெண்கள் ஐந்து பேர் கூடி, ஒவ்வொரு சீட்டாகப் படித்து ஜெபித்துவிட்டுக் கிழித்துப்போடுவோம். யார் எழுதியது என்று கேட்கக்கூடாது. பெட்டிச் சாவி என்னிடம்தான்.

அந்தப் புதன்கிழமை நாலாவது சீட்டைப் பிரித்தேன். கட்டம் போட்ட தாள். மணிக்கு ஒரு தடவை மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று குறிக்கும் பாய்லர் நோட்டிலிருந்து கிழித்தது. எழுத்து என் வீட்டுக்காரருடையது.

'பாய்லர் வால்வைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். மேனேஜர் கட்டச் சொன்னார். ஆண்டவரே, வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும். எனக்கு நிம்மதி தாரும்.'

"வால்வுன்னா என்ன?" என்று கேட்டாள் தையல்காரர் மனைவி.

எனக்குத் தெரியும். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடுவது அதுதான். அது ஒழுகினால் ஆவி வீணாகும், வேலை தாமதமாகும். அதற்காகக் கட்டிவிட்டார்கள், பாவிகள்!

"யாரோ பாவம், நல்லா ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர் அம்மா. எல்லோரும் கண்ணை மூடினார்கள். என்னால் முடியவில்லை. பாய்லர் சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு பெண்கள் துணி தேய்க்கிறார்கள். மூன்றாவது மேஜை என் அக்காவுடையது. வீட்டுக்காரரை நச்சரித்து நான் வாங்கிக் கொடுத்த வேலை.

"நீங்க ஜெபிச்சுட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஆலையின் புகைபோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது நிற்கிறவரை அக்கா இருக்கிறாள்.

பாய்லர் அறையில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கியது. அவரோ ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, மீட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சீட்டை நீட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"அதை ஆண்டவர்கிட்ட குடுத்துட்டேனேம்மா."

"அவர் என்கிட்ட குடுத்து அனுப்பிட்டார். எழுந்திருங்க!"

அப்போதுதான் திரும்பி முள்ளைப் பார்த்தார். பாய்ந்துபோய் அடுப்புக்கு எண்ணெய் வருவதை அடைத்தார். "எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ. ஓடு!"

வாசலில் தலைகளை எண்ணினேன். பதினாறும் இருந்தது. அவர் மட்டும் வரவில்லை. ஆண்டவரே, நிம்மதியெல்லாம் வேண்டாம், அந்த மனுஷனைக் கொடுத்துவிடும் என்று வாய்விட்டே அழுதேன். எவ்வளவு நேரமோ தெரியாது. திடீரென்று ஆலையே அலறியது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். கூரைக்கு மேல் வெள்ளையாக ஆவி சீறிக்கொண்டு போனது. வால்வு திறந்துவிட்டது.

வியர்வையில் நனைந்து, வெட்டிய கம்பியோடு அவர் வந்தார். மேனேஜர் குறுக்கே ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்தினே? நாளையிலருந்து வராதே!"

"சரிங்க" என்று கம்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு, மதில் ஓரமாகப் போய் உட்கார்ந்தார் என் வீட்டுக்காரர்.

நான் மேனேஜரை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்பினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "எங்களைக் காப்பாத்தப் போய்த்தானேடி அவருக்கு வேலை போச்சு" என்று ஓவென்று அழுதாள்.

"மெதுவா அழு அக்கா" என்றேன். "தூங்குறார்."