வென்டலின் இரண்டாவது கடிதம்

ரிப்பன் வெட்டப் பத்து மணி என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். பத்தேகாலாகியும் வென்டல் கெஸிங்கர் வந்து சேரவில்லை. மேயர் அந்தப் பெரிய கத்தரிக்கோலைத் தோளில் சாத்திக்கொண்டு, "ஆரம்பிச்சிடலாமா லொரீன்? டோனட் எல்லாம் காலியாயிட்டிருக்கு" என்றார். ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன். இந்த ஊர்ச் சபையில் பத்தொன்பது வருடமாக நான் எழுத்தர். மேயர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எந்தக் கோப்பு எங்கே என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் பொறுத்தார்.

தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தபின் முப்பது வருடம் முட்புதராகக் கிடந்த ரயில் தடம் அது. இப்போது ஆற்றோரமாக மூன்று மைலுக்குத் தார் போட்டு, மரத்தடியில் பெஞ்சுகள் வைத்து, நடக்கவும் சைக்கிள் விடவும் திறக்கிறோம். அழகாகத்தான் இருந்தது. அது அழகாக இருந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

அரசாங்கப் பணம் சும்மா வராது. எண்பது பக்க விண்ணப்பம், கேள்விக்குக் கேள்வி மதிப்பெண். வருடத்துக்கு ஓர் ஊர் ஒரு திட்டத்துக்குத்தான் பணம் கேட்கலாம். ஊர்க்காரர்களின் ஆதரவுக் கடிதங்களையும் சேர்த்து வைக்க வேண்டும். 'நடக்க இயலாதவர்களுக்குப் பயன்படுமா?' என்ற ஒற்றை வரிக்கு ஐந்து மதிப்பெண். அதற்காகத்தான் வென்டலைப் பிடித்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டியவர். என் இரண்டு பெண்களையும் பனியிலும் மழையிலும் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டவர். சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்தபின், மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில், பின்னால் ஆரஞ்சுக் கொடி பறக்க, நெடுஞ்சாலை ஓரத்துச் சரளையில் உருண்டு மளிகைக் கடைக்கு வந்துபோவார்.

நான் கேட்ட கடிதத்தை மஞ்சள் தாளில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ஆற்றோரப் பாதையைப் பற்றி ஒரே வரி. மீதியெல்லாம் அவர் குடியிருக்கும் டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பிலிருந்து கடைவரை முக்கால் மைலுக்கு ஒரு நடைபாதை வேண்டுமென்றுதான். லாரி உரசிக்கொண்டு போகும்போது கண்ணை மூடிக்கொள்வேன் என்றுகூட எழுதியிருந்தார்.

"இப்படிக் குடுத்தா, ஊருக்குள்ளயே ரெண்டு பேச்சுன்னு மதிப்பெண்ணைக் கொறச்சிடுவாங்க வென்டல்" என்றேன். "பாதையைப் பத்தி மட்டும் எழுதித் தாங்களேன். அடுத்த வருஷம் உங்க நடைபாதைதான். நான் பாத்துக்கறேன்."

எழுதிய தாளை என் பக்கம் தள்ளிவிட்டுப் புதுத் தாளை எடுத்தார். "நீ பாத்துக்கறேன்னா சரிதான். சொல்லு, எழுதறேன். எழுத்துப் பிழை மட்டும் உன் பொறுப்பு."

நான் சொல்லச் சொல்ல எழுதினார். 'ஆற்றங்கரையில் மறுபடி காற்று வாங்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற வரி என்னுடையது. வாய் கூசாமல் சொன்னேன்.

மூன்றே மதிப்பெண்ணில் பக்கத்து ஊரை முந்தினோம். அடுத்த வருடம் அந்த நிதியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நடைபாதைக்கு ஊர் போட வேண்டிய பங்குக்காகச் சபையில் கை தூக்கியவர்கள் இரண்டே பேர். வாக்குக் கொடுத்தவள் நான், எனக்கோ ஓட்டே கிடையாது. வென்டல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அந்த முதல் கடிதம் இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

பத்தரைக்கு ஆரஞ்சுக் கொடி தெரிந்தது. கழுத்தில் டை கட்டியிருந்தார். முழங்கைவரை சேறு.

"பள்ளத்துல ஒரு சக்கரம் எறங்கிடுச்சு. ரொட்டி வண்டிக்காரன் தூக்கி விட்டான். டோனட் மிச்சம் இருக்கா, இல்ல மேயர் முடிச்சிட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையாலேயே ரிப்பனை வெட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். புதுத் தாரில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து என் பக்கத்தில் நிறுத்தினார்.

"வழவழன்னு இருக்கு லொரீன். இதுக்கு வந்து சேர ஒரு பாதை இருந்தா தெனமும் வருவேன்."

"மன்னிச்சிடுங்க வென்டல். நான் உங்கள அப்படி எழுத வச்சிருக்கக் கூடாது."

"கையெழுத்து என்னுது தானே" என்றார். டோனட்டைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த நாற்காலி என் காரில் ஏறாது. அதனால் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் அவர் பின்னாலேயே ஊர்ந்தேன். பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின; ஒரு லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. அப்போது வென்டல் திரும்பிப் பார்க்காமல் இடது கையை நீட்டி முன்பக்கமாக அசைத்தார். பிள்ளைகளை இறக்கி விட்டபின், பேருந்துக்குப் பின்னால் காத்திருக்கும் கார்களைப் போகச் சொல்லி ஜன்னல் வழியே அப்படித்தான் அசைப்பார். நான் முந்தவில்லை. அந்தக் கை அசைந்துகொண்டே இருந்தது.