கோபம் வந்தால் ஃபுல் டவர்

ஆத்மநாதனுக்குக் கோபம் வந்தால் கருவேலவயல் முழுக்க ஃபுல் டவர் கிடைத்தது; கோபம் தணிந்தால் அறுந்துபோனது. வல்லத்திராக்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் இதை அதிசயம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. நிலத்துக்காரரோடு தகராறு முற்றி, கம்பெனிக்காரன் டவரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனானே, அதைத்தான் இன்றுவரை வாய் ஓயாமல் பேசுகிறார்கள்.

ஆத்மநாதன் துபாயிலிருந்து திரும்பி வந்த ஏசி மெக்கானிக். பிழைப்பு ஏசி, உயிர் செல்போன். புதுப் போன் எது வந்தாலும் பெட்டியைப் பிரித்து, பின்பக்கம் திருப்பி, வெயிலில் ஒன்றும் நிழலில் ஒன்றும் படம் எடுத்து யூடியூபில் போடுவான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவன் பொண்டாட்டி பொற்கொடி அவனுடைய உச்சந்தலையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் குனிந்த தலை நிமிராது. எவனோ முகம் தெரியாதவன் கமெண்டில் வந்து, பேட்டரியைப் பற்றி உனக்கு என்னடா தெரியும் என்று கேட்டிருப்பான். இவனுக்கு வலது கையில் சோறு காயும், இடது கை பதில் அடித்துக்கொண்டிருக்கும். டவர் போன பிறகுதான் அவள் வாழ்ந்தாள். சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டான். குழம்பில் என்ன போட்டாய், நன்றாக இருக்கிறதே என்று கேட்டான். அவளுடைய இடது புருவத்துக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பதைக் கண்டுபிடித்து, இது எப்போது வந்தது என்று வேறு கேட்டான் பாவி. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. இப்படியே காலம் ஓடிவிட்டால் சரி என்று மாரியாத்தாளுக்கு மாவிளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டாள்.

ஆடிக் கடைசியில் அவன் சாமான் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போனான். பஸ் ஸ்டாண்டில் டவர் கிடைத்ததும் போனைத் திறந்தால், இவன் போன் கம்பெனிகளிடம் கையூட்டு வாங்கிக்கொண்டு பேசுகிறவன் என்று ஒருத்தன் எழுதியிருந்தான். பதில் அடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்று, அந்தப் பயலுக்குச் சொல்ல இருந்ததையெல்லாம் பொற்கொடியிடம் கத்திக்கொண்டிருந்தபோது, அலமாரியில் இருந்த அவள் போன் நடுங்கத் தொடங்கியது. டவர் போன நாளிலிருந்து தேங்கிக் கிடந்த காலை வணக்கங்கள் ரோசாப்பூவும் விளக்குமாகக் கொட்டின. பக்கத்து வீட்டுத் திலகவதி போன் அடித்தது. பிறகு தெருவே அடித்தது. பொற்கொடி பதறிப்போய் ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். அவன் குடித்து ஏப்பம் விட்டதும் எல்லாம் நின்றது.

ஊருக்கு விஷயம் புரிய அதிக நாள் ஆகவில்லை. மாரியம்மன் திருவிழாவில் தெருவுக்கு ஒரு நாள் மண்டகப்படி எடுக்கிறார்களே, அதே மாதிரி ஆத்மநாதனைக் கோபப்படுத்தவும் முறை வைத்தார் முன்னாள் கவுன்சிலர் நாகராசு. முறைக்காரர்கள் குளித்துவிட்டு வந்து வாசலில் நின்று வைவார்கள். அப்பனையும் ஆத்தாளையும் இழுத்தால் போனில் டவர் ஒரு கோடுதான் ஏறும். கேமராக் கண்ணாடியைக் கைலி முனையால் அழுத்தித் துடைத்துக் காட்டினால் இரண்டு. எல்லாப் போனும் ஒரே இடத்தில் செய்வதுதான், மேலே ஸ்டிக்கர்தான் வேறு என்று சொன்னால் நாலு. உன் சேனலுக்குப் போட்ட சப்ஸ்கிரைபை எடுத்துவிட்டேன் என்று ஒருத்தர் சொன்ன அன்று ஆலங்குடி ரோடு வரைக்கும் வீடியோ கால் தெளிவாகப் போனது. அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். கோபத்தோடு கோபமாகத் தன் வீடியோவை ஏற்றப் பார்ப்பான். ஏறுவதைக் கண்டதும் சந்தோசம் வந்துவிடும், சந்தோசம் வந்ததும் டவர் போய்விடும்.

ஆனால் உடம்பு என்ன இரும்பா? தைக்குள் அவன் பாதியாகிவிட்டான். சட்டை தோளில் நிற்கவில்லை. அவன் தொட்ட சொம்புத் தண்ணீர் சுட்டது. தூக்கத்திலும் பல்லைக் கடித்தான். பொற்கொடி மோர் கொடுத்தாள், தலைக்கு நல்லெண்ணெய் வைத்தாள், சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். அவள் பேசப் பேச ஊரில் போன் கால்கள் கட்டாகின. அப்புறம் கேட்க வேண்டுமா? குழாயடியில் திலகவதி குடத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்புவதை நிறுத்தினார்கள். இவள் ஒருத்தி இல்லையென்றால் நாம் நிம்மதியாக இருப்போம் என்று காதுபடவே சொன்னார்கள். நாகராசு வீட்டுக்கே வந்து, "கொஞ்ச நாளைக்குக் கீரமங்கலத்துல ஒங்க ஆத்தா வீட்டுல போயி இருத்தா. ஊரு நல்லாருக்கும்ல," என்றார். பொற்கொடி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மாசியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அன்றைக்குச் சிங்கப்பூரில் நாகராசின் மகள் கலைமதியுடைய பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள், போனில் பார்த்தாக வேண்டும். விடிந்ததும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பொற்கொடி நிலைப்படியில் நின்று, அவருக்கு நிற்கவே முடியவில்லை, இன்றைக்கு விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒரு அரை மணி நேரம் கோவப்பட்டா செத்தா போயிருவான்?" என்றார் நாகராசு.

பொற்கொடி கும்பிட்ட கையை இறக்கினாள். "யோவ், எம்புருசன் என்ன ஒங்க வீட்டு வெளக்குக் கம்பமா? ஒம்பேரன் மொகத்தைப் பாக்க எம்புருசன் எரியணுமா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கொண்டையை முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள். திலகவதி வீட்டு வாசலில் நின்று குடத்தைத் திருப்பிய கதையைக் கேட்டாள். ஒவ்வொரு வாசலாக நின்று அந்தந்த வீட்டுக்கு உரியதை, அவரவர் செய்ததை, ஒன்று விடாமல் கேட்டாள். "மனுசங்களாடா நீங்க?" என்று அவள் தொண்டை கிழியக் கத்தியபோது நாகராசின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தால் சிங்கப்பூர்ப் பிள்ளை கண் இமை மயிர் வரைக்கும் தெரிந்தது. எல்லோரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க உச்சந்தலைகளாக இருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. வல்லத்திராக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட நல்ல டவர் என்று சொல்லிக்கொண்டார்கள்.

உச்சிப்பொழுதுக்கு அவள் வீடு திரும்பினாள். ஆத்மநாதனுக்குக் காய்ச்சல் விட்டு உடம்பு குளிர்ந்திருந்தது. பசிக்குது கொடி என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மொச்சைக்கொட்டைக் குழம்பை ஊற்றி எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தான், இரண்டு வாய் வைத்தான். நிமிர்ந்து குழம்பைப் பற்றி ஏதாவது சொல்லுவான் என்று அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இடது கையால் தலையணைக்கு அடியில் துழாவிப் போனை எடுத்தான்.

"கொடி, அப்புடியே இரு, அங்கிட்டு இங்கிட்டு அசையாத. ஆடியில போட்ட வீடியோ தொண்ணூறு பெர்சென்ட் ஏறிருச்சு," என்றான், தலை நிமிராமல்.

பொற்கொடி அந்த உச்சந்தலையைப் பார்த்தாள். வீடியோ அந்த நொடியே ஏறி முடிந்தது.

அதற்குப் பிறகு கருவேலவயலில் டவர் பிரச்சினை இல்லை. மழையிலும் அறுவதில்லை, கரண்டு போனாலும் போவதில்லை. நாகராசு முறை வைப்பதை விட்டுவிட்டார். வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.