எதிரே வரக் கூடாதவள்

"அண்ணி, கார் கிளம்புற வரைக்கும் கொஞ்சம் பின்னாடி ரூம்லயே இருந்துக்கங்க."

கொழுந்தன் இதைச் சொன்னபோது அவள் சீருடைச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்கிற வரைக்கும் இருவரும் பேசாமல் நின்றார்கள். ஓடுபாதைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்தத் தெருவில் சண்டைகூட இப்படி விட்டுவிட்டுத்தான் நடக்கும்.

"எனக்கு ஏழு மணிக்கு டியூட்டி."

"பத்து நிமிஷம்தான். அம்மா முதல் தடவையா பிளேன் ஏறுறாங்க. மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

எதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. அவள் கணவன் நெஞ்சுவலியில் போய் மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் நல்ல காரியத்துக்குப் புறப்பட்டாலும் அவர்கள் கண்ணில் அவள் படக் கூடாது. பெற்ற மகள் பரீட்சைக்குப் போன காலையிலும் அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றாள்.

அந்தப் பின்னறையில் உட்கார முடியவில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். வெளியே பெட்டி உருளும் சத்தம். நேற்று அந்தப் பெட்டியை அடுக்கி, மேலே ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்து மூடியவள் அவள்தான். மாமியாரின் முழங்காலுக்கு மருந்து தேய்த்துவிட்டதும் அவள்தான். அதற்கெல்லாம் அவள் கை ஆகாமல் போகவில்லை.

பத்து நிமிஷம் அரை மணி நேரமாயிற்று. பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தபோது சூப்பர்வைசர் மணியைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"மூணாவது வாசல். ஒரு வயசான அம்மா. முழங்கால் முடியாதவங்க. ஓடு."

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுவது அவள் வேலை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிவிடுவாள். அவள் முகத்தில் விழித்துப் புறப்பட்டவர்கள் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இது வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

வேறு யாராவது இதற்குள் மாமியாரைக் கூட்டிப்போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். மூன்றாம் வாசலில், பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மாமியாரேதான். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள், கொழுந்தன் போய்விட்டிருந்தான்.

மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேற ஆள் இல்லையா?"

"இருக்காங்க அத்தை. எல்லாரும் வேற வேற பிளேனுக்குப் போயிருக்காங்க. முக்கா மணி நேரம் ஆகும்."

"அதுக்குள்ள..."

"பிளேன் போயிடும்."

அவள் நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள். தானே இழுத்து உட்கார வைக்கலாம். செய்யவில்லை. கேட்கட்டும் என்று நின்றாள். மாமியார் நீண்டு கிடந்த கூடத்தைப் பார்த்தாள், தன் முழங்காலைப் பார்த்தாள். கடைசியில் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நீ பின்னாடி நின்னுதானே தள்ளுவே? எதிர்ல வர மாட்டியே?"

சிரிப்பு வந்தது அவளுக்கு.

"பின்னாடிதான் அத்தை. உக்காருங்க."

பெட்டி போடும் இடம், சோதனை, லிஃப்ட், மறுபடி சோதனை. ஒவ்வொரு வரிசையிலும் மாமியார் "என்ன கேக்குறான்?" என்பாள். திரும்பிப் பார்க்காமலே பாஸ்போர்ட்டைத் தோளுக்கு மேல் நீட்டுவாள். பின்னாலிருந்து மருமகள் வாங்கிக் காட்டி, பதில் சொல்லி, திரும்பக் கையில் வைப்பாள். இத்தனை தூரம் ஒரு குரலையே நம்பி வந்த மனுஷிக்கு அந்தக் குரலின் முகம் மட்டும் ஆகாது. நினைக்க நினைக்க அவள் நடை வேகமாயிற்று.

விமானத்தின் வாசலில் நாற்காலி நின்றது. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். விமானப் பணிப்பெண் உதவிக்கு வந்து கை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா, நானே தூக்கி விடுறேன்."

சொல்லிவிட்டு மருமகள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். குனிந்து, கால் வைக்கும் பலகையை மடக்கினாள். மாமியார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கண்ண மூடிக்கிட்டு எந்திரிச்சா கால் இடறும் அத்தை."

"நீ தள்ளிக்கம்மா. நானே போயிடுறேன்."

"நான் எங்கயும் போகல. நீங்க கண்ணத் தொறக்குற வரைக்கும் இங்கதான் நிப்பேன்."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் நகரவில்லை. இரண்டு கைகளையும் நீட்டியபடி, முகத்துக்கு நேரே குனிந்து நின்றாள்.

மாமியார் கண்ணைத் திறந்தாள். கோபமும் பயமும் கலந்து கிடந்த கண். மூன்று வருடத்தில் இவ்வளவு கிட்டத்தில் அந்தக் கண் அவளைப் பார்த்ததில்லை.

"முழுசாப் பாத்துக்கங்க," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "நல்லபடியாப் போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க. உங்க பையனுக்கு அப்புறம் பண்ணலாம். முதல்ல எனக்கு."

கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். மாமியார் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. பணிப்பெண்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.